உன் அம்மாவின் வலது கண்

மகனே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபம் தணியட்டும் என்று எடுத்து வைத்தேன். இன்று ஞாயிறு. தணியவில்லை. இனித் தணியும் என்றும் தோன்றவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். பெங்களூரில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாவகாசமாக, கடைசி வரை வாசி. பாதியில் மடித்து வைக்காதே.

நீ எழுதியிருப்பது இதுதான். பெண் வீட்டார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, நீயாகத்தான் யோசித்தாயாம். கல்யாணத்தை முழுக்க வீடியோ எடுக்கிறார்களாம், அந்தக் கேசட் அமெரிக்காவில் இருக்கிற அவர்கள் சொந்தக்காரர்கள் வரைக்கும் போகுமாம். அம்மாவுக்கே சங்கடமாக இருக்கும், அதனால் தாலி கட்டுகிற நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் சித்தி மேடையில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும், அம்மா கீழே முதல் வரிசையில் 'வசதியாக' உட்கார்ந்து பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'வசதியாக' என்ற வார்த்தையை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னைச் சுமந்து பெற்றவளுக்கு, உன் கல்யாணத்தில் கீழே ஒரு நாற்காலி. ஏலே, இதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? சித்தி நல்லவள், எனக்கும் தம்பி பெண்டாட்டி என்கிற பிரியம் உண்டு. ஆனால் உன் அம்மா உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் அவள் எதற்கு நிற்க வேண்டும்? அம்மாவின் வலது கண் சுருங்கி வெளுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதானே. அவள் யாருக்காவது துரோகம் செய்து இழந்த கண்ணா அது?

இந்தக் கோபத்தில் பாதிதான் உனக்கு. மீதி யாருக்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தக் கண் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவன் நான். நீ அப்போது கோயம்புத்தூரில் கடைசி வருஷம், பரீட்சை நேரம். அம்மாவுக்கு டைபாய்டு, குடலில் ஆபரேஷன், இப்போது தேறிவிட்டாள், காய்ச்சலின் வேகத்தில் கண்ணில் கொஞ்சம் பார்வைக் குறைவு என்று உனக்கு எழுதினேன். ஆபரேஷன் ஒன்றுதான் அதில் நிஜம். பரீட்சைக்காகச் சொன்ன பொய்யைப் பரீட்சை முடிந்ததும் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. நாலு வருஷமாக அதையே காப்பாற்றிக்கொண்டு வந்தேன். ஏனென்றால் அந்தப் பொய்க்குள்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து, சேரன்மகாதேவியிலிருந்து வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிதான். என் ஆஸ்பத்திரி, என் ஆட்கள், தலைமேல் வைத்துத் தாங்குவார்கள் என்று உன் தாய்மாமாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அந்த சர்ஜன் கைராசிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். வாய் வழியாகச் சாப்பிடக் கூடாது என்பதால் கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்க்குள் டியூப் போட்டு அதன் வழியாகச் சத்து ஏற்றினார்கள். கிருமி பிடிக்காமல் இருக்க மூன்று விதமான ஆண்டிபயாடிக். எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடி மாற்றினார்கள். இறங்கவில்லை. ரத்தத்தில் கிருமி வளருகிறதா என்று பார்க்கக் கல்ச்சர் பாட்டிலில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். லேப் என்றால் யார்? நான்தான்.

அந்த லேபின் வழக்கம் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கல்ச்சர் பாட்டில்களை நாங்களே தயார் செய்வோம். மழைக்காலத்தில் லேப் சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், காற்றில் பூஞ்சை இருக்கும், சில பாட்டில்கள் கெட்டுப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிலில் ஈஸ்ட் வளர்ந்திருந்தது. ஈஸ்ட் என்றால் காளான் இனம், பன் ரொட்டியை உப்ப வைக்கிற வஸ்துவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள். லேபுக்குப் பொறுப்பான டாக்டரிடம் காட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ரத்தத்துல ஏது வே காளான்? ஒம்ம பாட்டில் கெட்டிருக்கும். கண்டாமினேஷன்னு போட்டு, திரும்ப அனுப்பச் சொல்லும்" என்றார். போட்டேன். அன்றிலிருந்து ஈஸ்ட் வந்தால் கண்டாமினேஷன். யோசிக்க வேண்டியதே இல்லை. அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு கூடச் செய்து வைத்திருந்தோம்.

அம்மாவின் பாட்டிலில் இரண்டாம் நாள் ஈஸ்ட் வந்தது. அது அவளுடைய பாட்டில் என்று தெரியாமல் செய்தேன் என்றால் எனக்கு மன்னிப்பாவது உண்டு. தெரியும். நானே வார்டிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு வந்த பாட்டில். ஸ்லைடில் முட்டை வடிவத்தில், பக்கத்தில் குட்டி விட்டுக்கொண்டு, ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. பார்த்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? பயம் இல்லை. சந்தோஷம். அப்பாடா, பாக்டீரியா இல்லை, ரத்தம் சுத்தமாக இருக்கிறது, பாட்டில்தான் கெட்டுப் போச்சு என்று மூச்சு விட்டேன். ஸ்டாம்பை எடுத்துக் குத்தினேன். வெளியே வராந்தாவில் நின்ற உன் மாமாவிடம் போய், "ரத்தத்துல ஒண்ணும் இல்ல, கவலப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாவது பாட்டிலிலும் அதுவே வந்தது. அதற்கும் ஸ்டாம்பு. அப்போது என்னிடம் மும்தாஜ் என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மேலப்பாளையத்துப் பெண், அதிகம் பேசாது. அது பைய என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, "சார், ரெண்டு பாட்டிலும் ஒண்ணு போலயா கெடும்? மத்த வார்டு பாட்டிலு ஒண்ணும் கெடலயே" என்று கேட்டது. எவ்வளவு நியாயமான கேள்வி பார். நான் என்ன செய்தேன்? "நேத்து வந்த நீ எனக்குச் சொல்லித் தாரியா?" என்று கத்தினேன். பாட்டிலைக் கழுவப் போடு என்றேன். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் பாட்டிலைக் கழுவவில்லை. மறுநாள் காலையில் அதில் கொஞ்சம் எடுத்து, மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்கிற தெளிநீரில் கலந்து, இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பொருத்திவிட்டு, "சார், ஒரு தடவ பாத்துருங்க, பொறவு என்ன ஏசுங்க" என்றது. பார்த்தேன். ஒவ்வொரு ஈஸ்ட்டிலிருந்தும் முளைகட்டிய பயறு மாதிரி ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிற பூஞ்சை அப்படி முளைவிடாது. நம் வாயிலும் குடலிலும் ஒரு ஓரமாக இருக்கிற கேண்டிடா என்கிற ஈஸ்ட்தான் அப்படி முளைவிடும். ஆண்டிபயாடிக் மற்ற கிருமிகளையெல்லாம் கொன்று அதற்கு இடத்தைக் காலி செய்து கொடுக்க, குடலில் ஓட்டையும் கழுத்தில் டியூபும் வழி விட, அது அம்மாவின் ரத்தத்துக்குள் போய்ச் சுகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. நாங்கள் மேலும் மேலும் ஆண்டிபயாடிக் ஊற்றி அதை வளர்த்துக்கொண்டிருந்தோம். முதல் பாட்டிலுக்கும் இந்த ஸ்லைடுக்கும் நடுவே ஐந்து நாள் போயிருந்தது.

சர்ஜனிடம் ஓடினேன். அவர் நம்பவில்லை. லேபிலிருந்து என் கையெழுத்தோடு இரண்டு தாள் போயிருக்கிறதே, கண்டாமினேஷன் என்று. "நீங்கதான எழுதிருக்கீங்க?" என்று என் ஸ்டாம்பை எனக்கே காட்டினார். கழுத்து டியூபை எடுங்கள் என்று கெஞ்சினேன். வேறு ரத்தக் குழாய் கிடைக்காது, இருக்கட்டும் என்றார். அந்த டியூபில்தான் அது ஒட்டிக்கொண்டு இருக்கும் என்று புத்தகத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் எடுத்தார். காளானைக் கொல்கிற மருந்து திருநெல்வேலியில் எந்தக் கடையிலும் இல்லை. ஜங்ஷனில் மருந்துக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் மதுரைக்குப் போன் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொடுத்தனுப்பச் செய்தார். இதற்கு முன் அந்த மருந்தைத் தேடி ஒருவரும் வந்ததில்லை என்று அண்ணாச்சி சொன்னார். தேடி வராததற்குக் காரணம் வியாதி இல்லாதது அல்ல, என் ஸ்டாம்பு. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மருந்து ஏறும்போது உன் அம்மா பட்ட பாட்டை நான் எழுத மாட்டேன். கட்டில் ஆடும்படி நடுங்குவாள், நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வியாதி ரத்தத்தில் வந்தால் மருந்து கொடுத்துமே ஏராளமானவர்கள் பிழைப்பதில்லை. மருந்து தாமதமாகிற ஒவ்வொரு நாளும் பிழைப்பவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். இவள் பிழைத்தாள். காய்ச்சல் இறங்கியது, கஞ்சி குடித்தாள், என்னைப் பார்த்து "ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து, வலது கண்ணில் பஞ்சு மிதக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வார்டு டாக்டரிடம் சொன்னோம். "பலவீனம்மா, சரியாயிரும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகனே, இதை மட்டும் மறக்காதே: நாளைக்கு உன் பெண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ ஒன்று என்றால், எந்த டாக்டராவது 'பலவீனம்' என்றால், அந்த வார்த்தையோடு எழுந்து வந்துவிடாதே. எதனால் பலவீனம் என்று கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நான் கேட்கவில்லை. சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் கண் டாக்டரம்மாவிடம் போனபோது அவர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல இருந்தது கண்ணுக்குள்ள போய் உக்காந்துட்டு. ரத்தத்துல காளான்னு தெரிஞ்ச அன்னைக்கே கண்ணப் பாக்கணும், யாரும் சொல்லலியா?" என்றார். யாரும் சொல்லவில்லை. இடது கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தார். வலது கண் போய்விட்டது.

பிறகு ஒருநாள் அந்தக் கையெழுத்து டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். "ஒம்ம வீட்டம்மா பொழச்சுட்டால்லா? அப்புறம் என்ன வே? சாமியக் கும்பிட்டுட்டுப் போவும்" என்றார். பிழைத்துவிட்டாள், அதனால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். இப்படி ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டுதான் இவர்கள் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். நானும் தூங்கினேன். ஸ்டாம்பைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். இப்போது ஈஸ்ட் வந்தால் நானே வார்டுக்கு ஓடிப்போய்ச் சொல்கிறேன், மும்தாஜ்தான் எங்கள் லேபில் கல்ச்சர் பார்க்கிறாள். இதையெல்லாம் செய்தால் போதும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இனி, இதைவிடக் கேவலமான ஒன்று. நாங்குநேரி தாண்டிக் குளத்தங்கரையில் இருக்கிற நம் சாஸ்தா கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்கு ஒரு வருஷம் தவறாமல் போவோம், உனக்குத் தெரியும். அம்மாவுக்கு உடம்புக்கு வந்ததற்கு முந்தின உத்திரத்துக்கு நாம் போகவில்லை. லீவுக்கு வந்திருந்த உனக்கு அம்மை போட்டிருந்தது, அவள்தான் வேண்டாம் என்றாள். கண் போன பிறகு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாஸ்தா குத்தம். குலதெய்வத்தைப் பட்டினி போட்டால் சும்மா விடுமா. அவளும் நம்பினாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீரோடு இருக்கிறாள். ஒரு கண்ணும், ஆபரேஷன் செய்த வயிறுமாக நாலு வருஷம். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். சாஸ்தா மேல் பழியைப் போட்டால் எனக்குச் சௌகரியம். அவர் மறுத்துப் பேச வரமாட்டார் அல்லவா?

உன் கடிதத்தை நான் மறைத்து வைக்கப் பார்த்தேன். நேற்று அவள் என் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மெதுவாக முழுவதும் வாசித்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். மடித்து என்னிடமே தந்துவிட்டு, "அவன் சொல்லுததும் சரிதான. சாமி குத்தம் உள்ளவ மங்கள காரியத்துல எதுக்கு முன்ன நிக்கணும்? சித்தியே நிக்கட்டும்" என்றாள். எத்தனை சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா? கறிக்கு உப்புப் போதும் என்கிற மாதிரி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு பாட்டில், இரண்டு ஸ்டாம்பு, ஐந்து நாள், மும்தாஜ், உன் மாமாவிடம் சிரித்தது, எல்லாம். சாஸ்தாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உன் கண்ணை எடுத்தது என் கை என்று சொன்னேன்.

பிறகு, "எனக்கு முன்னால எத்தன பேருக்கு அப்படிக் குத்துனீங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பழைய நோட்டில் நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. "அவங்கள்லாம் பொழச்சாங்களா?" என்றாள். என் உத்தியோகத்தில் இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. டாக்டர் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி கேட்கவில்லை, நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு கண்ணை இழந்தவள் தன் கண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவர்களைப் பற்றிக் கேட்டாள். இவளைத்தான் நீ கீழே உட்கார வைக்கப் பார்க்கிறாய்.

அதன் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் பட்டினி கெடந்த சனிக்கெழமையெல்லாம்?" என்றாள். நேற்றும் சனிக்கிழமைதான். எழுந்து அடுக்களைக்குப் போனாள். எனக்கென்று வைத்திருந்த சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, சொதியை ஊற்றி, என் எதிரிலேயே உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டாள். உங்களுக்கு வேண்டுமா என்றுகூட என்னைக் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் கூட்டவில்லை: "அவனுக்கு எழுதுங்க. தாலி கட்டும்போது மேடையில நான்தான் நிப்பேன். வீடியோக்காரன் எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும். நீங்க எம் பக்கத்துல நிக்கணுமா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்லுதேன்."

முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் இன்னும் சொல்லவில்லை.

உன் அப்பா